கயிற்று மீட்புக்கு எந்தப் பயிற்சி, எந்தக் கருவி? தோட்டப்புறக் குழுக்களுக்கான ஓர் ஒப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இவ்வாண்டு மூன்று குழுக்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு என்னைத் தேடி வந்தன. முதலாவது, செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் பாதுகாப்புப் பிரிவு. இரண்டாவது, திருவிழாக் காலங்களில் தண்ணீர்ப் பந்தலும் கூட்ட ஒழுங்கும் பார்த்துப் பழகி, பின்னர் வெள்ளம் வரும்போதும் மரம் விழும்போதும் கைகொடுக்கத் தொடங்கிய ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) இளைஞர்கள். மூன்றாவது, தன்னார்வத் தீயணைப்புப் படையில் ஏற்கெனவே பெயர் பதிந்துகொண்டவர்கள். மூவரிடமும் ஒரு தொகை சேர்ந்திருக்கிறது. அது ஒருமுறைதான் கிடைக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதைக் கொண்டு உயர்கோணக் கயிற்று மீட்புக்கு ஆட்களைப் பயிற்றுவிப்பதா, கருவிகள் வாங்குவதா, இரண்டும் என்றால் எந்தப் பயிற்சி, எந்தக் கயிறு என்பதே அவர்களின் தவிப்பு. மூவருக்கும் நான் ஒரே விடையைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

## எதை உயர்கோணம் என்கிறோம்

சரிவு ஏறக்குறைய 60 பாகைக்கு மேல் போனால், மீட்பவரின் எடையும் அடிபட்டவரின் எடையும் முழுவதுமாகக் கயிற்றின் மேல் வந்துவிடும், அதுவே உயர்கோணம். அதற்குக் குறைவான சரிவில் காலும் மண்ணும் எடையில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளும்; கயிறு துணைக்கு நிற்கும். இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. தாழ்கோணத்தில் ஒரு முடிச்சு தவறினால் ஸ்ட்ரெட்சரைச் சுமக்கும் ஆறு பேர் இரண்டடி சறுக்குவார்கள். உயர்கோணத்தில் அதே தவறு இரண்டு உயிரைக் கேட்கும்.

நம் பகுதியில் உண்மையில் நடப்பவை எவை என்று எண்ணிப் பாருங்கள். தோட்டச் சாலையிலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஓடைச் சரிவில் விழுவது, ஈயக்குட்டையின் (பழைய ஈயச் சுரங்கக் குளத்தின்) கரை இடிந்து சிக்குவது, சுண்ணாம்புக் குன்றில் ஏறியவர் இறங்க வழியின்றி நிற்பது, ஆலையின் சேமிப்புக் கலத்திலோ நீர்த்தொட்டியின் மேலோ வேலை செய்பவர் மயங்கி விழுவது. இவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் தாழ்கோணப் பணிகள். பின்னவை இரண்டும் உயர்கோணம். எனவே, "நாங்கள் உயர்கோணம் பயில வேண்டும்" என்று வருகிற குழுவிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் ஊரைச் சுற்றி இருபது கிலோ மீட்டருக்குள் எந்த இடத்தில் யார் விழக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள் என்பதே.

## தேர்வுக்கு முன் வைக்கும் அளவுகோல்கள்

முதல் அளவுகோல், நேரம். உயரத்தில் வேலை செய்கிறவர் ஹார்னஸ் எனும் உடற்பட்டையில் அசைவின்றித் தொங்க நேர்ந்தால், கால்களில் இரத்தம் தேங்கி, சில நிமிடங்களிலிருந்தே அவர் நிலை மோசமாகத் தொடங்கும். 999 அவசர அழைப்புக்கு வரும் முதல் வண்டி விரைவாகவே வந்தாலும், கயிற்று மீட்பில் தேர்ந்த பிரிவு பெரிய நகரத்திலிருந்து வர வேண்டியிருக்கலாம். ஆகவே, எந்த இடத்தில் காத்திருக்க முடியும், எந்த இடத்தில் முடியாது என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

இரண்டாவது, எத்தனை பேர் உண்மையில் வருவார்கள் என்பது. ஸ்ட்ரெட்சரை இறக்கி ஏற்றுவதற்கு, பொறுப்பாளர், இரண்டு கயிறுகளையும் தனித்தனியே இயக்குபவர்கள், விளிம்பில் நிற்பவர், கீழே இறங்குபவர், இழுப்பதற்கு ஆட்கள் என்று, என் கணக்கில் குறைந்தது ஆறு பேர் வேண்டும். ஆறு பேர் வர வேண்டுமானால் பயின்றவர்கள் பன்னிரண்டு பேராவது இருக்க வேண்டும். இரவு வேலைக்குப் போனவர், ஈப்போவில் இருப்பவர், காய்ச்சலில் படுத்தவர் எல்லாரையும் கழித்துப் பாருங்கள்.

மூன்றாவது அளவுகோலைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாகக் கருதுகிறேன்: கற்றது எத்தனை நாள் கையில் நிற்கும்? கயிற்று வேலை தேர்வுக்குப் படித்த பாடத்தைப் போல நினைவில் தங்குவதில்லை. பயிற்சி முடிந்து மூன்று மாதம் கயிற்றைத் தொடாதவர், கப்பிகளை அமைக்கும் முறையை வாயால் சொல்வார். மழையில், இருட்டில், கீழே ஒருவர் கதறும்போது கை தடுமாறும். மாதத்தில் ஒரு முழுநாளைப் பயிற்சிக்கு ஒதுக்க முடியாத குழு, எவ்வளவு உயர்ந்த சான்றிதழ் பெற்றாலும் அதை ஓராண்டுக்குள் இழந்துவிடும்.

நான்காவது, வாங்கிய பின் தொடரும் செலவு. ஐந்தாவது, தீயணைப்பு மீட்புப் படையினர் வந்து பொறுப்பேற்கும்போது நம் அமைப்பை அவர்கள் புரிந்துகொண்டு தொடர முடியுமா என்பது. சம்பவ இடத்தில் ஆணை அவர்களுடையது. நம் கயிறும் முடிச்சும் அவர்களுக்குப் புதிராக இருந்தால், அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

## பயிற்சி, முதல் வழி: தொழிற்துறைக் கயிற்றுப் பணிச் சான்றிதழ்

தொழிற்துறைக் கயிற்றுப் பணிக்கான அனைத்துலகச் சங்கமான ஐராட்டாவின் (IRATA) முறையில் மூன்று நிலைகள் உள்ளன. முதல் நிலைக்கு நான்கு நாள் பயிற்சி, ஐந்தாம் நாள் வெளியார் ஒருவர் வந்து நடத்தும் மதிப்பீடு. சான்றிதழ் மூன்றாண்டு செல்லும். அடுத்த நிலைக்குப் போகக் குறைந்தது ஓராண்டும் 1,000 மணி நேரக் கயிற்றுப் பணிப் பதிவும் வேண்டும். அதற்கடுத்த நிலைக்கும் அவ்வாறே. இரண்டு கயிறுகள், இரண்டு தாங்குபுள்ளிகள் (கயிற்றைக் கட்டி நிறுத்தும் இடங்கள்), ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும் என்ற ஒழுக்கம் மாணவரின் எலும்பில் ஏறும்வரை அங்கே விடமாட்டார்கள். மதிப்பிடுபவர் பயிற்சி நிலையத்தைச் சேராதவர் என்பதால் சான்றிதழுக்கு நம்பகம் உண்டு.

ஆனால் இப்பயிற்சி தன் உடலைக் கயிற்றில் பாதுகாப்பாக நகர்த்தி வேலை முடிக்கும் தொழிலாளியை உருவாக்குவதற்காக அமைந்தது. முதல் நிலையில் கற்பிக்கும் மீட்பு, பக்கத்துக் கயிற்றில் ஹார்னஸோடு தொங்கும் சக தொழிலாளியை இறக்குவது. ஹார்னஸ் இல்லாமல், முதுகெலும்பு அடிபட்டு, பாறை இடுக்கில் கிடக்கும் ஒருவரை ஸ்ட்ரெட்சரில் கட்டி மேலே ஏற்றுவது அதன் மையப் பொருளன்று.

இதிலுள்ள மறைசெலவை நான் நேரில் கண்டிருக்கிறேன். பொதுமக்கள் நிதி திரட்டி நான்கு இளைஞர்களை இந்தப் பயிற்சிக்கு அனுப்பினோம். நால்வரும் தேறினார்கள். பதினெட்டு மாதத்திற்குள் மூவர் கடலோர எண்ணெய்த் தளங்களிலும் நகரத்துக் கட்டடங்களிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சம்பளம் கிடைத்ததில் எனக்கு இன்றும் மனநிறைவுதான். ஆனால் மீட்புக் குழு என்ற அளவில் நாங்கள் மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வந்தோம். பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் பெருநகரங்களையும் எண்ணெய் எரிவாயுத் தொழில் நடக்கும் ஊர்களையும் ஒட்டியே இருப்பதால், தங்குமிடம், போக்குவரத்து, ஒரு வாரச் சம்பள இழப்பு ஆகியவையும் கட்டணத்தோடு சேரும்.

ஆலைக்கு இதுவே சரியான வழி. அங்கே விழக்கூடியவர் தம்மைப் போன்ற தொழிலாளி. பெரும்பாலும் ஹார்னஸ் அணிந்திருப்பார். அவரை நிமிடக் கணக்கில் இறக்க வேண்டும். பயின்றவரை அந்தத் திறனுக்கேற்ற சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளவும் ஆலையால் முடியும். மனிதவள மேம்பாட்டு நிதிக்கு மாதந்தோறும் செலுத்தி வரும் நிறுவனமாக இருந்தால், பயிற்சிச் செலவை அதிலிருந்து கோர இயலுமா என்பதை முன்கூட்டியே கேட்டறிவது நல்லது. தன்னார்வச் சங்கத்திற்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆலைக்காரர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. கயிறு பயின்றுவிட்டோம் என்பதால் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ சேமிப்புக் கலத்திற்குள்ளோ இறங்கிவிடக் கூடாது. செம்பனை ஆலைக் கழிவு புளிக்கும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. மூடிய இடத்திற்குள் நுழைவதற்கும் காற்றைச் சோதிப்பதற்கும் 2010-ஆம் ஆண்டின் தொழிற்துறை நடைமுறை விதித்தொகுப்பு தனித்தனி அனுமதி பெற்றவர்களைக் கேட்கிறது. விழுந்தவரைக் காப்பாற்ற ஒருவர் பின் ஒருவராக இறங்கிச் சேர்ந்தே மாண்டவர்களின் கதை உலகெங்கும் உண்டு. மூடிய இடத்திற்கான பயிற்சி இன்றி ஆலையின் கயிற்றுப் பயிற்சி நிறைவு பெறாது. திட்டத்தொகையில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

## பயிற்சி, இரண்டாம் வழி: மீட்புக்கென்றே அமைந்த வகுப்பு

அமெரிக்கத் தீப்பாதுகாப்புக் கழகத்தின் தரங்களைத் தழுவி நடத்தப்படும் வகுப்புகளில் விழிப்பு நிலை, செயல் நிலை, வல்லுநர் நிலை என மூன்று படிகள். விழிப்பு நிலை என்பது ஆபத்தை அறிந்து, இடத்தை அடைத்து, சரியானவரை அழைப்பது. அந்த நிலையில் உள்ளவர் கயிற்றில் இறங்கக் கூடாது. செயல் நிலையிலிருந்துதான் தாங்குபுள்ளி அமைத்தல், ஸ்ட்ரெட்சரைக் கட்டுதல், இறக்குவதிலிருந்து ஏற்றுவதற்கு மாற்றுதல், இழுக்கும் விசையை மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஆக்கும் மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்ற கப்பி அமைப்புகள் ஆகியவை வருகின்றன. குழு முழுவதும் ஒன்றாகப் பயில்வது இதன் பெரும்பலம். ஒருவர் நினைவிலிருந்து நழுவியது மற்றவர் நினைவில் இருக்கும். "நிறுத்து" என்ற ஒரே சொல்லுக்கு அனைவர் கையும் ஒரே நேரத்தில் நிற்கப் பழகும்.

இதன் குறைகளும் வெளிப்படையானவை. இச்சான்றிதழைக் காட்டினால் வேலை கிடைப்பது அரிது. ஆகவே உறுப்பினர் ஊரிலேயே இருப்பார். ஆனால் அவரை அந்தப் பயிற்சியோடு பிணைத்து வைக்க அக்கறை ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. பயிற்றுநர்களின் தகுதி ஒரே சீராக இராது. ஒரே பெயரில் இரண்டு நாள் வகுப்பும் உண்டு, ஐந்து நாள் வகுப்பும் உண்டு. இரண்டு நாளில் செயல் நிலை என்று யாராவது சொன்னால் நான் பணம் கட்டமாட்டேன். பயிற்றுநரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எங்கள் ஊரிலேயே வந்து நடத்துவீர்களா, எங்கள் கருவிகளைக் கொண்டே நடத்துவீர்களா, ஆறு மாதம் கழித்து ஒரு நாள் வந்து பார்ப்பீர்களா. மூன்றாவது கேள்விக்கு ஆம் என்பவரையே தேர்ந்தெடுங்கள், கட்டணம் சற்றுக் கூடினாலும்.

பாடம் நடக்கும் மொழியையும் கவனியுங்கள். பெரும்பாலும் ஆங்கிலம் அல்லது மலாய். எங்கள் குழுவில் ஐம்பதைக் கடந்த ஒரு மண்டோர் (தோட்டக் கண்காணி) இருந்தார். மரத்தையும் மண்ணையும் அவர் அளவுக்கு அறிந்தவர் யாரும் இல்லை. ஆங்கிலத்தில் நடந்த வகுப்பில் அவர் வாய் திறக்கவே இல்லை. அதே பாடத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் மீண்டும் பேசிப் பயின்றபோது, எந்த மரத்தில் கட்டக்கூடாது என்று பயிற்றுநருக்கே அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

தாமான் இளைஞர் குழுவுக்கு நான் சொன்னது இந்த வழியைத்தான், ஒரு நிபந்தனையோடு: முதலாண்டில் தாழ்கோணம் மட்டும்.

## பயிற்சி, மூன்றாம் வழி: தன்னார்வத் தீயணைப்புப் படை, பொதுத் தற்காப்புப் படை

செலவு மிகக் குறைவு. சம்பவ இடத்தில் யார் சொல் செல்லும் என்ற குழப்பம் இல்லை. அதிகாரிகளோடு சேர்ந்து பயில்வதால் ஐந்தாவது அளவுகோல் தானாகவே நிறைவேறுகிறது. ஆனால் முதலில் தீ, குழாய், ஏணி, முதலுதவி, வெள்ளம். கயிறு வரிசையின் பின்னால் நிற்கும். உயர்கோணம் கைக்கு வரும்வரை பொறுமை வேண்டும். பதிந்துகொள்வதற்கு முன், பயிற்சியின்போதும் பணியின்போதும் அடிபட்டால் எந்தக் காப்புறுதி ஏற்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள்.

ஏற்கெனவே பதிந்திருந்த மூன்றாவது குழு புதிய சங்கம் தொடங்க எண்ணியிருந்தது. வேண்டாம் என்றேன். அவர்கள் தங்கள் தொகையைக் கொண்டு, படையின் ஒப்புதலோடு, இரண்டாம் வழியின் வகுப்பை அதே நிலையத்தில் நடத்தலாம். ஊரில் ஒரே குழு பன்னிரண்டு பேரோடு இருப்பது, இரண்டு குழுக்கள் ஆளுக்கு ஐந்து பேரோடு இருப்பதை விட மேல்.

## தாங்குபுள்ளி: நம் மண்ணில் எதை நம்புவது

கயிறு வாங்குவதைப் பற்றிப் பேசும் முன் இதைப் பேச வேண்டும், ஏனெனில் எந்தக் கயிறும் அது கட்டப்பட்ட பொருளைவிட வலிமையாக இருக்க முடியாது. வெளிநாட்டுப் பாடங்களில் பெரிய ஓக் மரத்தையும் கருங்கல் பாறையையும் காட்டுவார்கள். நமக்கு முன்னால் இருப்பவை செம்பனை, பால்மரம், சுண்ணாம்புக்கல், செம்மண்.

செம்பனைக்கு ஆணிவேர் இல்லை. நார்வேர்கள் மேல்மண்ணில் பரந்து நிற்கும். அதிலும் கானோடெர்மா பூஞ்சை பிடித்த மரம் அடித்தண்டில் உள்ளிருந்தே அழுகும். மட்டைகளில் அறிகுறி தெரியும் வேளையில் அடித்தண்டின் திசுக்களில் பாதி வரை செத்திருக்கும். வெளியே பச்சையாக நிற்கும் மரம் ஒரு காற்றில் சாய்வதைத் தோட்டத்தில் வளர்ந்த எவரும் பார்த்திருப்பார்கள். தனிச் செம்பனையை உயர்கோணத்திற்குத் தாங்குபுள்ளியாக நான் ஏற்கமாட்டேன். வேறு வழியே இல்லையெனில் மூன்று மரங்களைப் பின்னுக்குப் பின் இணைத்து, தரையை ஒட்டிய அடியில் மட்டும் கட்டுவேன். பால்மரத்தில் வெள்ளை வேர் நோயைப் பாருங்கள். முறியும் தன்மையும் அதற்கு உண்டு.

சுண்ணாம்புக் குன்றுகள் பார்வைக்கு உறுதியானவை. மழைநீர் அவற்றை உள்ளே கரைத்துக்கொண்டே இருக்கிறது. 1973 அக்டோபரில் ஈப்போவின் குனோங் செரோவில் பாறை பெயர்ந்து விழுந்து சுமார் 40 பேர் மாண்டதைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பாறையில் துளையிட்டு இரும்பு ஆணி பொருத்தும் முறை இருக்கிறது. அது வல்லுநர் நிலைப் பணி, புதிய குழுவுக்கு உரியதன்று.

வாகனம் நம் சாலைகளில் பல நேரங்களில் சிறந்த தேர்வாக அமையும். சாவியை எடுத்துப் பொறுப்பாளரின் பையில் வைத்து, கைத்தடை போட்டு, சக்கரங்களுக்கு முட்டு வைத்து, பம்பரில் கட்டாமல் அடிச்சட்டத்தில் கட்ட வேண்டும். புகைக்குழாயின் சூடு கயிற்றில் படக்கூடாது. மழையில் நனைந்த புல்மேல் நிற்கும் வண்டி வழுக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

இரண்டு புள்ளிகளில் கட்டும்போது, கயிற்றின் இரு கால்களுக்கு இடையிலான கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொன்றும் சுமையில் 58 விழுக்காட்டை ஏற்கும். 90 பாகையில் 71 விழுக்காடு. 120 பாகையில் ஒவ்வொரு புள்ளியும் முழுச் சுமையையும் ஏற்கும். சுமையைப் பகிர்வதாக எண்ணிக்கொண்டு இரட்டிப்பாக்குபவர்கள் இந்தக் கணக்கை அறியாதவர்கள்.

மரத்தையும் வாகனத்தையும் சுற்றிக் கட்டுவதற்கான நீண்ட பட்டைகள், விளிம்புக் காப்பு உறைகள் ஆகிய இரண்டும் மலிவு. புதிய குழுக்கள் இவற்றையே குறைவாக வாங்குகின்றன.

## கயிறு: 11 மில்லி மீட்டரா, 12.5 மில்லி மீட்டரா

இரண்டுமே உள்ளே இழைக்கருவும் வெளியே பின்னலுறையும் கொண்ட, நீட்சி குறைந்த கயிறுகள். ஐரோப்பியத் தரமான இ.என். 1891-இன் ஏ வகை, முடிச்சில்லாத நிலையில் குறைந்தது 22 கிலோ நியூட்டன் விசையை (ஒரு கிலோ நியூட்டன் ஏறக்குறைய நூறு கிலோ எடைக்குச் சமம்) தாங்க வேண்டும் என்கிறது; நல்ல 11 மில்லி மீட்டர் கயிறுகள் 30-ஐ ஒட்டித் தாங்கும். அமெரிக்கத் தரத்தின் பொதுப்பயன் வகை 40 கிலோ நியூட்டன் கேட்கிறது, 12.5 மில்லி மீட்டர் கயிறு அதற்கென்றே பழக்கத்தில் உள்ளது.

ஸ்ட்ரெட்சர், அடிபட்டவர், உடனிருப்பவர் எல்லாம் சேர்ந்த சுமையை அமெரிக்கத் தரம் ஏறத்தாழ 272 கிலோ என்று வைக்கிறது. விசைக்கணக்கில் சுமார் 2.7 கிலோ நியூட்டன். முடிச்சால் மூன்றில் ஒரு பங்கு வலிமை குறையும் என்று வைத்துக்கொண்டால், 11 மில்லி மீட்டர் கயிறு ஏழு மடங்கு சுமையையும், 12.5 மில்லி மீட்டர் கயிறு பத்து மடங்கு சுமையையும் தாங்கும். இரண்டு கயிறுகளும் சுமையைச் சமமாகப் பகிரும் முறையில், 11 மில்லி மீட்டரே பதினைந்து மடங்குக்கு அருகில் போய்விடும். எனவே வலிமை மட்டுமே கேள்வி என்றால், மெல்லிய கயிறு குறைந்ததன்று.

எடை வேறு கதை சொல்கிறது. நூறு மீட்டர் 11 மில்லி மீட்டர் கயிறு ஏறக்குறைய எட்டு கிலோ, தடித்தது பதினொன்று. எப்போதும் இரண்டு கயிறுகள் வேண்டும் என்பதால், பதினாறா இருபத்திரண்டா என்பது கணக்கு. லோரி போகாத மேட்டில், மழையில், ஸ்ட்ரெட்சரோடு சேர்த்து அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களுக்கு அந்த ஆறு கிலோவின் பொருள் தெரியும். நைலான் தண்ணீர் குடித்து இன்னும் கனக்கும். நனைந்த நிலையில் பத்து முதல் பதினைந்து விழுக்காடு வலிமையும் குறையும். தடித்த கயிற்றுக்கு ஒரு நியாயம் உண்டு: உறை தடிமனானது, கூரான சுண்ணாம்பு விளிம்பில் உராய்வைச் சற்றுக் கூடுதலாகப் பொறுக்கும், கையுறையோடு பிடிக்க எளிது. ஆனால் எந்தக் கயிறும் கூர்விளிம்பில் அறுபடும். அதற்கு மருந்து விளிம்புக் காப்பு, தடிமன் அன்று.

அருகிலுள்ள தீயணைப்பு நிலையம் எந்தத் தடிமனைப் பயன்படுத்துகிறது என்று போய்க் கேளுங்கள். மற்றவை சமமாக இருந்தால் அதையே வாங்குங்கள். அந்த ஒரு கேள்வி, மேலே நான் எழுதிய கணக்குகள் அனைத்தையும் விடப் பயனுள்ளது.

## இறங்குகருவிகள்: பழைய முறையும் புதிய முறையும்

| அளவுகோல் | தடைக்கம்பிச் சட்டமும் (கயிறு உராய்ந்து வேகம் குறையும் கம்பிகள்) இரட்டைப் புரூசிக் முடிச்சும் (கையை விட்டால் கயிற்றை இறுகப் பிடிக்கும் சுற்று முடிச்சு) | தானே நிற்கும் கருவிகள் |
|---|---|---|
| வாங்கும் செலவு | குறைவு | மிக அதிகம். ஒன்றின் விலையில் நூறு மீட்டர்க் கயிறு வாங்கலாம் |
| கையை விட்டால் | சுமை ஓடும். காப்புக் கயிறு (காப்புக்கென்று விடும் இரண்டாவது கயிறு) பிடிக்க வேண்டும் | கருவி பிடித்துக்கொள்ளும் |
| கயிற்றுத் தடிமன் | பரந்த அளவுக்கு ஏற்கும் | குறிப்பிட்ட அளவுக்கு மட்டும் |
| இறக்குவதிலிருந்து ஏற்றுவதற்கு | கருவியை மாற்றி அமைக்க வேண்டும் | அதே கருவியில் உடனே |
| பயிற்சி மணிகள் | அதிகம் | குறைவு, ஆனால் விடாமல் வேண்டும் |
| சேறும் மழையும் | முடிச்சு நழுவக்கூடும் | பெரும்பாலும் தாங்கும். கழுவிப் பராமரிக்க வேண்டும் |

பழைய முறையை நான் மதிக்கிறேன். அசையும் உறுப்பு இல்லை. கெட்டுப்போக எதுவும் இல்லை. உராய்வு என்றால் என்ன என்பதைக் கைக்குக் கற்றுத்தரும். ஆனால் காப்புக் கயிற்றில் புரூசிக் முடிச்சைக் காப்பவர், எப்போது கையை விடவேண்டும் என்பதை அச்சத்தின் நடுவிலும் செய்யப் பழகியிருக்க வேண்டும். மனிதக் கை ஆபத்தில் இறுகப் பிடிக்கும்; இந்த முறையோ விடச் சொல்கிறது. மாதம் ஒருமுறை மட்டும் பயிலும் குழுவிடம் இதைக் கேட்பது நியாயமில்லை.

பெட்ஸல் நிறுவனத்தின் ஐடி (I'D) போன்ற கருவிகளில் கைப்பிடியை அச்சத்தில் அளவுக்கு மீறி இழுத்தாலும் கயிறு நின்றுவிடும். சி.எம்.சி. நிறுவனத்தின் கிளட்ச், எம்.பி.டி. போன்றவை கப்பியாகவும் தடையாகவும் ஒரே இடத்தில் பணி செய்கின்றன. ஐடியின் சிறிய வகை 10 முதல் 11.5 மில்லி மீட்டர் கயிற்றுக்கே உரியது. தடித்த கயிறு ஏற்கெனவே வாங்கிவிட்ட குழு இதைக் கவனிக்காமல் வாங்கினால் இரண்டும் வீண். இங்கேதான் மறைசெலவு: கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதே கயிற்றையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள்.

ஒரு கயிற்றில் சுமை, மற்றொன்று தளர்வாகக் காப்புக்கு என்பதா, இரண்டிலும் சமச்சுமை என்பதா என்ற விவாதம் பயிற்றுநர்களிடையே இன்னும் ஓயவில்லை. சமச்சுமை முறையில் ஒன்று அறுந்தால் மற்றொன்று உடனே பிடிக்கும். விழும் தூரம் மிகக் குறைவு. ஆனால் இழுவிசையில் உள்ள கயிறு தளர்ந்த கயிற்றைவிட எளிதில் வெட்டுப்படும், ஆகவே ஒரே பாறை விழுந்து இரண்டையும் அறுக்கக்கூடும் என்பார்கள் மறுதரப்பினர். இரண்டு கயிறுகளையும் விளிம்பில் தள்ளித் தள்ளி வைத்தால் அந்த அச்சம் பெரிதும் குறையும். என் சார்பு சமச்சுமைக்கே, தானே நிற்கும் கருவி ஒவ்வொரு கயிற்றிலும் இருந்தால் மட்டும்.

ஆகத் தாமான் குழுவுக்கு நான் பரிந்துரைத்தது: 11 மில்லி மீட்டர் நூறு மீட்டர்க் கயிறு இரண்டு, ஒரே வகைக் கருவி இரண்டு, பூட்டுள்ள காராபினர் கொக்கிகள் இருபது, கப்பிகள் நான்கு, பட்டைகள், விளிம்புக் காப்பு, முழு ஹார்னஸ் மூன்று, கூடை ஸ்ட்ரெட்சர் ஒன்று. பளபளப்பான பட்டியல் அன்று. ஆனால் மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் பயிற்சிக்கு மிஞ்சும். ஆலைக்கு எஃகுக் கொக்கிகளையும் சொன்னேன். இரும்புச் சட்டங்களில் உரசும் இடத்தில் அலுமினியம் தேயும், அங்கே எடையைச் சுமந்து நடக்கும் தேவையும் இல்லை.

## வாங்கிய பின் வருபவை

எங்கள் முதல் கயிற்றை நாங்கள் வாகனத்தின் பின்பெட்டியில், பழைய பேட்டரி ஒன்றின் அருகே வைத்திருந்தோம். கறை எதுவும் தெரியவில்லை. பேட்டரியிலுள்ள அமிலம் நைலானை உள்ளே அரித்திருக்குமா இல்லையா என்று எவராலும் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால், ஒருமுறைகூட உயிர் தாங்காத அந்தக் கயிற்றை ஒதுக்கிவிட்டோம். தவறு எங்களுடையது. அன்றிலிருந்து கயிற்றுக்கென்று தனி அறை, காற்றோட்டம், இருட்டு, பதிவேடு.

பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் பல உற்பத்தியாளர்கள் துணிப்பொருள்களுக்குப் பத்தாண்டையே உச்ச வரம்பாக வைக்கிறார்கள். தகுதி பெற்றவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது, தொழிற்துறை முறையில் ஆறு மாதத்திற்கு ஒருமுறை, எல்லாவற்றையும் பரிசோதித்துக் கையெழுத்திட வேண்டும். அவருக்கான கட்டணத்தையும், ஒவ்வொரு ஆண்டும் மாற்ற வேண்டிய பொருள்களுக்கான தொகையையும் முதல் திட்டத்திலேயே ஒதுக்காத குழுவின் கருவிகள் நான்காம் ஆண்டில் காட்சிப் பொருளாகிவிடும். நன்கொடையாகக் கிடைக்கும் பழைய கயிற்றை, அதன் வரலாறு எழுத்தில் இல்லையெனில், நன்றி கூறித் திருப்பிவிடுங்கள்.

தோட்டப்புறத்தில் மற்றொரு செலவும் உண்டு. நல்ல கயிறு இருக்கிறது என்று தெரிந்தால் இரவல் கேட்பார்கள்: சிக்கிய வண்டியை இழுக்க, பந்தல் கட்ட, தேர்வடத்திற்குத் துணையாக. கேட்பவர் பெரியப்பாவாக இருப்பார், கோயில் தலைவராக இருப்பார், மறுப்பது கடினம். ஒருமுறை வண்டியை இழுத்த கயிறு மீண்டும் மனிதரைத் தாங்கக் கூடாது. ஆகவே இரவலுக்கென்றே வேறு நிறத்தில் ஒரு சாதாரணக் கயிற்றை வாங்கி வாசலருகே மாட்டி வையுங்கள். எங்களுக்கு அது பல மனக்கசப்புகளைத் தவிர்த்திருக்கிறது.

## எதையும் வாங்காமல் இருப்பதே சரியாகும் இடம்

மாதம் ஒரு நாள் ஒதுக்க முடியாத குழுவும், நிலையாகப் பன்னிரண்டு பேர் இல்லாத குழுவும் உயர்கோணத்திற்குப் போக வேண்டாம். விழிப்பு நிலைப் பயிற்சி, முதலுதவி, தாழ்கோண ஸ்ட்ரெட்சர் பணி, நல்ல விளக்குகள் ஆகியவற்றோடு நின்றுகொள்ளலாம். தோட்டத்தின் எந்தச் சாலையில் எந்த வண்டி போகும், எந்தப் பாலம் எடை தாங்கும், குன்றின் எந்தப் பக்கம் கைத்தொலைபேசி அலை கிடைக்கும் என்பதை வரைபடமாக்கி, தீயணைப்பு நிலையத்தில் ஒரு படி கொடுத்து, அழைப்பு வந்ததும் சாலை முகப்பில் விளக்கோடு நின்று வண்டியை உள்ளே அழைத்துச் செல்கிற குழு, கயிற்றைத் தொடாமலே மீட்பை அரைமணி நேரம் முன்னுக்குக் கொண்டுவருகிறது. இதைச் சொன்னபோது இளைஞர்களின் முகம் வாடியது உண்மை. ஒரு மாதம் கழித்து அந்த வரைபடத்தோடு வந்தார்கள்; அதில் நான் அறியாத இரண்டு பழைய குவாரிகள் குறிக்கப்பட்டிருந்தன, இரண்டுமே உயர்கோணம். அவற்றுக்குப் போகும் பாதையைத்தான் இப்போது அந்தக் குழு முதலில் துப்புரவு செய்துகொண்டிருக்கிறது.